கால்சைன் சொல்லாத நிலையம்

கேள்வி மட்டும் வந்தது. கேட்பது யார் என்பது வரவில்லை.

பொழுதுபோக்காக வீட்டிலிருந்தே வானலையில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்களிடம் இது நடக்காத காரியம். லைசென்ஸ் வாங்கிய எவரும் அலைவரிசையில் முதல் வேலையாகத் தங்கள் கால்சைனைச் சொல்லிவிட்டுத்தான் மூச்சே விடுவார்கள். எழுத்தும் எண்ணும் கலந்த அந்தச் சின்னக் கோவைதான் அங்கே ஒருவருக்குப் பெயர், நாடு, முகம் எல்லாம். கால்சைன் இல்லாத சிக்னலுக்குப் பதில் சொல்லாதே என்பது அவள் முதல் வாரமே படித்த பாடம். அன்று மாலை ஹெட்போனில் வந்த சிக்னல், தொண்டையைச் செருமிக்கொள்ளும் ஆளைப்போல இரண்டு தடவை விட்டு விட்டு ஒலித்தது. பிறகு புள்ளியும் கோடுமான மோர்ஸில், நிதானமாக, மூன்றெழுத்துச் சுருக்கமும் ஒரு கேள்விக்குறியும் அனுப்பியது. ஹாம்களின் மொழியில் அதற்குப் பொருள்: உன் இடம் எது?

ரேடியோ அறை என்று அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் மெஷினுக்கும் பழைய பீரோவுக்கும் நடுவே போட்ட ஒரு மேஜையைத்தான். அங்கே எப்போதும் சோப்புத்தூள் வாசனையும், செட் சூடேறும்போது அதற்குள்ளிருந்து கிளம்பும் தூசி வாசனையும் கலந்து நிற்கும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எதிர்மூலைக் குழாய்க் கம்பம் வரை இழுத்துக் கட்டிய செம்புக் கம்பிதான் ஆன்டெனா. பொழுது சாயும் நேரம் அவளுக்கு உயிர். பகலும் இரவும் தொட்டுக்கொள்ளும் மங்கல் கோடு உலகத்தைச் சுற்றி ஓடும்போது, அந்தக் கோட்டோரம் இருக்கும் நிலையங்கள் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் கொஞ்ச நேரத்துக்கு எட்டும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அவள் அடுப்பில் எதையாவது ஏற்றிவிட்டு ஓடிவருவாள். பாதி நாள் அது அடிப்பிடித்துத்தான் இறங்கும்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் வேலை. கண்ணாடி அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்லி, கேட்கிறதா இல்லையா என்று அவர்களுக்கே சந்தேகம் வரும் எல்லை வரை ஒலியைக் குறைத்துக்கொண்டே போவாள். அதனால் மெல்லிய ஒலி என்றால் அவளால் விடமுடியாது. இந்த ஒலியோ அந்த எல்லைக்கும் கீழே கிடந்தது. துருவத்தை உரசிக்கொண்டு வரும் சிக்னல்கள் தண்ணீருக்கடியிலிருந்து பேசுவதுபோல் நடுங்கும். இது அவற்றையெல்லாம்விட அதிகமாக நடுங்கியது. அப்படியென்றால் எவ்வளவு தொலைவு! கால்சைன் இரைச்சலில் அமுங்கிப்போயிருக்கும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆசை கண்ணை மறைத்தது என்பதுதான் உண்மை.

அவள் மோர்ஸ் தட்டும் கீயில் கைவைத்துத் தன் கால்சைனையும் ஊர்ப் பெயரையும் அனுப்பினாள். உங்கள் கால்சைன் என்ன என்று கேட்டாள்.

உன் இடம் எது?

திரும்ப அனுப்பினாள். திரும்பவும் அதே கேள்வி. நலிந்த சிக்னலிடம் எரிந்துவிழக் கூடாது, எதிராளிக்குப் புரியும்வரை பொறுமையாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் அங்கே நாகரிகம். ஊர், பகுதி, வரைபடக் கட்டத்தின் எண் என்று ஒவ்வொன்றாக அனுப்பினாள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தப் பக்கம் சற்று நேரம் மூச்சடக்கிக் கேட்பதுபோல் அமைதியாகி, இன்னும் கிட்டத்தில் சொல் என்பதுபோல் மறுபடி கேட்டது.

அப்போதுதான் அட்டை ஞாபகம் வந்தது. தூரத்து நிலையங்களோடு பேசினால், பேசியதற்குச் சாட்சியாக இரண்டு பக்கமும் தபாலில் படம் போட்ட அட்டை அனுப்பிக்கொள்வது வழக்கம். மெஷினுக்கு மேலே சுவர் முழுக்க அந்த அட்டைகள்தான். கலங்கரை விளக்கம், பனிமலை, மீசை வைத்த கடல்நாய். ஒட்டுவது அவள் மகள் குட்டியின் பொறுப்பு. "ரொம்ப ரொம்ப தூரத்துலேருந்து ஒண்ணு வாங்கிக் குடும்மா" என்று குட்டி கேட்டு வெகுநாளாயிற்று. ஆகவே தெரு, கதவு எண், மாடி, இடது பக்கக் கதவு என்று தபால்காரருக்குச் சொல்வதுபோல் முழு முகவரியும் அனுப்பினாள். எழுத்தெழுத்தாக. பல தடவை.

கடைசியில் கேள்வி மாறியது. அங்கே யார் யார்?

அவள் உற்சாகமாகிவிட்டாள். இதெல்லாம் ரேடியோ நட்பில் சாதாரணம். கணவர் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார் என்றாள். ஒரு ஹார்மோனிக் உண்டு என்றாள். மூல அலையிலிருந்து பிறக்கும் குட்டி அலைக்கு உள்ள பெயரை ரேடியோக்காரர்கள் பிள்ளைகளுக்கு வைத்துக் கேலி செய்வார்கள். பெண் குழந்தை, ஏழு வயது, இப்போது பக்கத்து அறையில் படம் வரைந்துகொண்டிருக்கிறாள்.

சிக்னல் அதோடு நின்றது. நன்றி இல்லை, விடைபெறும் குறி இல்லை. இரைச்சல் மட்டும் மழைபோல் பெய்துகொண்டிருந்தது.

சாப்பிடும்போது அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கணவர் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"ஆள் யாருன்னு தெரியாது, எந்த ஊருன்னு தெரியாது. நம்ம வீட்டுக் கதவு எந்தப் பக்கம்னு வரைக்கும் சொல்லிட்டே?"

"கார்டு அனுப்பத்தாங்க. எல்லாரும் குடுக்கறதுதான்."

"எனக்கு எவனாவது போன் பண்ணி இப்படிக் கேட்டா ராங் நம்பர்னு வெச்சுருவேன். நீ என்னடான்னா வாசல்ல நின்னு வழி காட்டற மாதிரி காட்டியிருக்கே."

"கார்டுல பெங்குயின் இருக்குமாம்மா?" என்றாள் குட்டி. அவள் மகளிடம் இருக்கும் என்று சொல்லிவைத்தாள்.

மறுநாள் பேட்டரி அண்ணன் பிடித்துக்கொண்டார். அடுத்த தெருவில் பேட்டரிக் கடை வைத்திருப்பவர், அந்தப் பகுதியில் அவளைத் தவிர இருக்கும் ஒரே ஹாம். கடையைத் தாண்டும்போது கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"நேத்து யாரு கூடம்மா அவ்வளவு நேரம்? உன் பக்கம் மட்டுந்தான் எனக்குக் கேட்டுச்சு. உன் அட்ரஸை நீயே அனுப்பிட்டு அனுப்பிட்டு இருந்தே. இனிமே என்னைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிச்சுருவேன்."

"ரொம்ப வீக் சிக்னல் அண்ணே. உங்க ஆன்டெனாவுக்கு எட்டியிருக்காது."

"என் ஆன்டெனாவுக்கா? என்னுது முன்னாடி உன்னுது துணி காயப்போடற கொடி மாதிரிம்மா." சிரித்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "கால்சைன் என்ன சொன்னான்?" என்று கேட்டார்.

அவள் வேலைக்கு நேரமாகிறது என்று நழுவினாள். 

அன்று மாலை கேட்க மட்டும் உட்கார்ந்தாள். கீயைத் தொடுவதில்லை என்று முடிவு. பொழுது சாய்ந்ததும் அது வந்தது. அதே கேள்வி. நடுக்கம் மட்டும் குறைந்திருந்தது. துருவத்தின் மேல் வரும் சிக்னல் ஒரே நாளில் இப்படித் தெளியாது. அனுப்புவதே துருவத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்தால்தான் தெளியும். அடுத்த மாலை இன்னும் தெளிந்தது. வானத்தில் பலமுறை மோதி எழும்பி வரும் ஒலியில் இருக்கும் ஏற்ற இறக்கம் போய், ஒரே தாவலில் வரும் ஒலியின் அழுத்தம் வந்தது. நாட்டு எல்லைகள், கடல்கள், மலைகள் எல்லாவற்றையும் அது பின்னால் விட்டுக்கொண்டே வருவதை அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டாள். சிக்னலின் வலுவைக் காட்டும் மீட்டரின் முள் நாளுக்கு நாள் வலப்பக்கம் சாய்ந்தது.

இன்னொன்றும் இருந்தது, அதை அவள் கணவரிடம் சொல்லவில்லை. மோர்ஸ் அனுப்பும் ஒவ்வொரு கைக்கும் ஒரு நடை உண்டு. அவள் கை, கடைசிக் கோட்டைக் கொஞ்சம் இழுத்துவிடும். எத்தனை முயன்றும் போகாத பழக்கம். முதல் நாள் தட்டுத்தடுமாறிய அந்தக் கை இப்போது கடைசிக் கோட்டை இழுத்தது. தன் கையெழுத்தை இன்னொருவர் போட்டுப் பழகுவதைப் பார்ப்பதுபோல் அவளுக்கு உடம்பு கூசியது.

செட்டை அணைத்தால் கேட்காது. ஆனால் அணைத்தால் எங்கே வந்திருக்கிறது என்பதும் தெரியாது. அதனால் ஒவ்வொரு மாலையும் போட்டாள்.

பிறகு ஒரு மாலை அது வரவில்லை. அடுத்த மாலையும் இல்லை. வெறும் இரைச்சல், எங்கோ இடி மின்னலின் படபடப்பு, இரண்டு வேற்றுநாட்டுக்காரர்கள் தங்கள் ஊர் வெயிலைப் பற்றிப் புலம்பிக்கொள்ளும் சத்தம். கணவர் அறை வாசலில் நின்று அவள் முகத்தைப் பார்த்தார்.

"அதான் ஒண்ணும் கேக்கலையே. விட்டுது சனியன். இன்னும் ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?"

"கேக்காததுதாங்க பயமா இருக்கு."

"இது என்ன புதுசா?"

அவள் சொன்னாள். "ட்யூபைப் பிடிச்சுத் தண்ணிய மேல வளைச்சு அடிச்சா தூரத்துச் செடிக்குப் போய் விழும். குழாயடியில இருக்கற செடி ஒழுகற தண்ணியில நனையும். நடுவுல இருக்கறது காஞ்சு கிடக்கும். சிக்னலும் அப்படித்தான். தூரத்துலேருந்து வானத்துல பட்டு வரும். ரொம்பக் கிட்டன்னா தரையோட வரும். நடுவுல ஒரு வட்டம் இருக்கு, அங்கேருந்து அனுப்பினா எதுவும் வராது."

"அதனால?"

"அது நிக்கலைங்க. அந்த வட்டத்துக்குள்ள வந்துடுச்சு."

கணவர் சிரிக்கப்போனார். அவள் எழுந்துபோய் வாசல் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பதைக் கண்டுவிட்டுச் சிரிக்கவில்லை. ராத்திரி பகல் என்று பாராமல் அடிபட்டவர்களை ஏற்றி இறக்கும் மனிதர், பயத்தைப் பார்த்தால் அவருக்குத் தெரியும். "நாளைக்கு என் அக்கா வீட்டுக்குப் போயிடலாம். கொஞ்ச நாள் இருப்போம். டூட்டி முடிஞ்சதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். 

மறுநாள் அவள் லீவு போட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து குட்டியைச் சீக்கிரமே அழைத்துவந்தாள். மாடிக்குப் போய் ஆன்டெனாக் கம்பியை இரண்டு முனையிலும் அவிழ்த்து, சுருட்டி, தொட்டிக்குப் பின்னால் எறிந்தாள். பையில் துணிமணிகளை அடுக்கினாள். குட்டி வெளியூர் போகும் குஷியில் செருப்பை மாட்டிக்கொண்டு தன் அறைக் கட்டிலில் தயாராக உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் முடிந்தது. கணவர் வரவில்லை.

போன் செய்தாள்.

"ஒரு ஆக்சிடென்ட் கேஸ். இறக்கிவிட்டுட்டேன். அப்படியே வண்டியோட கிளம்பிட்டேன், வந்துட்டே இருக்கேன். நீ எறங்கி நிக்காத."

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு சாம்பலாகிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பால்கனியில் காயும் துணிகளின் நிறம் ஒவ்வொன்றாக அவிந்தது. எந்தத் திசையில் இருக்கிறது அது? தெருவில் இறங்கிக் குட்டியின் கையைப் பிடித்து நடந்தால் அதனிடமிருந்து விலகிப்போவோமா, நேராக அதன் எதிரிலேயே போய் நிற்போமா? தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. ஆன்டெனா இல்லாத செட் செவிடு. பக்கத்தில் வைத்து யாராவது அனுப்பினால் ஒழிய அதற்குள் எதுவும் வராது. ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம். அமைதியாக இருந்தால் படி இறங்கிவிடலாம். பெற்றவள் பிள்ளைக்காகப் போட்ட கணக்கு அது.

செட்டைப் போட்டாள். பின்னால் ஆன்டெனா வயர் கழன்று தொங்குவதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். உயிரற்ற மெல்லிய உஸ் என்ற ஒலி. சோப்புத்தூள் வாசனை. மெஷினுக்குள் எப்போதோ மிச்சமிருந்த தண்ணீர் சொட்டும் ஒலி. மீட்டர் முள் இடப்பக்க முளையில் ஒட்டிக் கிடந்தது. அவள் பெருமூச்சு விட்டாள்.

முள் எகிறியது.

வலப்பக்கத்து முளையில் போய் இடித்து நின்றது. ஸ்பீக்கர் அலறியது. நடுக்கம் இல்லை. ஏற்ற இறக்கம் இல்லை. அத்தனை சுத்தமான ஒலியை அவள் கண்ணாடி அறையில்கூடக் கேட்டதில்லை. இந்தத் தடவை கேள்வி இல்லை. அவள் அனுப்பிய முகவரி. தெரு. கதவு எண். மாடி. இடது பக்கம். அவளுடைய கை நடையில், கடைசிக் கோட்டை இழுத்து.

சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

ஸ்பீக்கர் செத்தது. காதுக்குள் ரத்தம் இரைந்தது. நிமிர்ந்தாள். சமையலறை வழியாக முன்வாசல் தெரிந்தது. கதவுக்கு அடியில், இடுக்கில், மாடிப்படி விளக்கின் வெளிச்சம் ஒரு கோடாகக் கிடந்தது. அது அணைந்து எரிந்தது. குட்டையாக. பிறகு நெட்டையாக. மோர்ஸ் படித்தவர்களுக்கு இது ஒரு சாபம். படிக்காதே என்றால் நிற்காது.

இடது பக்கம். இடது பக்கம். இடது ப

பாதி எழுத்தில் நின்றது. வெளிச்சம் அசையாமல் கிடந்தது. கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அதை அவள் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

"குட்டி?"

மறுபடி கூப்பிட்டாள்.

"குட்டிம்மா, அப்பா வந்துடுவாரு. இங்க அம்மாகிட்ட வா."

குட்டியின் அறை வாசலுக்குப் போனாள். உள்ளே விளக்கு போடவில்லை. ஜன்னல் சாம்பல் நிறமாக நின்றது. குட்டி கட்டிலில் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். செருப்புக் காலை ஆட்டிக்கொண்டிருந்தவள் ஆட்டுவதை நிறுத்தியிருந்தாள். கைகள் மடியில். முகம் வாசலைப் பார்த்து. அழவில்லை. பயப்படவில்லை. கண்ணை மட்டும் மூடித் திறந்தாள்.

நெட்டையாக. குட்டையாக. நெட்டையாக. குட்டையாக.

"வேண்டாம்" என்றாள் அவள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஓடிப்போய்க் குழந்தையை நெஞ்சோடு அணைத்தாள். உடம்பு சூடாக, மென்மையாக, தன் குழந்தையாகவே இருந்தது. தலையில் எண்ணெய் வாசனை. சின்ன இதயம் சீராக அடித்தது. கன்னத்தின் மேல் இமைகள் பூச்சிபோல் பட்டுப் பட்டு விலகின. இப்போது அவள் கண்ணால் படிக்க வேண்டியிருக்கவில்லை. தோலே படித்தது.

பொது அழைப்பு அது. முன்பின் தெரியாத எவரும் பதில் சொல்லலாம் என்று எல்லோரையும் கூவி அழைப்பது. எல்லோருக்கும். எல்லோருக்கும். எல்லோருக்கும். பிறகு தெரு. கதவு எண். மாடி. இடது பக்கம். கடைசியில், இப்போது நீங்கள் பேசலாம் என்ற குறி.

இமைகள் நின்றன. குட்டி கேட்கத் தொடங்கினாள்.

அவள் உள்ளங்கையால் அந்தக் கண்களைப் பொத்தினாள். அம்மா இருக்கேன், அம்மா இருக்கேன் என்றாள். ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் வழக்கம்போல் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. ஒன்று எரிந்தது. அணைந்தது. குட்டை, நெட்டை. அதற்கடுத்தது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு விளக்கு. அதற்கு மேலே ஒன்று. பேட்டரிக் கடைப் பலகையின் பச்சை வெளிச்சம் கூரைகளுக்கு மேலே. எல்லாம் ஒரே நேரத்தில், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, முண்டியடித்து. அபூர்வமான நிலையம் ஒன்று அழைத்தால் உலகமே இப்படித்தான் விழுந்தடித்துப் பதில் சொல்லும். ஒன்றுக்கும் கால்சைன் இல்லை.

தெருமுனையில் ஆம்புலன்ஸ் திரும்பியது.

வந்துவிட்டார். அவள் வாய்விட்டு அழுதாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினாள். கத்தினாள். ஏங்க, மேல வாங்க, சீக்கிரம். வண்டி கீழே வந்து நின்றது. அதன் தலைமேல் சுழலும் சிவப்பு விளக்கு சீராகச் சுழலவில்லை.

நெட்டை. குட்டை. குட்டை.

குட்டி அவள் கையை மெல்ல விலக்கினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள், கூட்டத்தில் ஒரு சிக்னலை மட்டும் பொறுக்கும்போது அம்மா சாய்ப்பதுபோல. பிறகு அந்தச் சிவப்பைப் பார்த்து இமையால் ஒரே ஒரு தடவை பதில் சொன்னாள். வா.

தெருவிளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரைவர் சீட்டுப் பக்கக் கதவையே பார்த்தாள். அது திறக்கவில்லை. காலியாக வந்திருக்க வேண்டிய வண்டியின் பின்கதவு இரண்டும் உள்ளிருந்து மெதுவாகத் திறந்தன.